17 வைஃபை, ஒரே தெரு

இந்த எபிசோட்ல முதல்ல ஒரு தப்பை ஒத்துக்கப் போறேன். அப்புறம் அதை எப்படிச் சரி பண்ணோம்னு சொல்றேன்.

எங்க ஊர் அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலம். நான் சென்னையில வேலை பார்க்கிறேன். அப்பா, அம்மா, தங்கச்சி ஊர்ல இருக்காங்க. "கிராமத்துல வைஃபை நெரிசலா?"ன்னு நீங்க கேட்கலாம். எங்க தெருவுல வீடுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டித்தான் இருக்கும். பக்கத்து வீட்ல மிக்ஸி ஓடினா எங்க சமையல்கட்டுல கேட்கும். கொரோனாவுக்கு அப்புறம் கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் ஃபைபர் வந்துடுச்சு.

போன வருஷம் தங்கச்சிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. பேச ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷம் வீடியோ நின்னு போச்சு. லேப்டாப்பைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடி, கொளுத்துற வெயில்ல போன் டேட்டாவுல முடிச்சிருக்கா. அந்த வேலை கிடைக்கல. வைஃபையாலதான் போச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவ என்கிட்ட ஆறு மாசமாவே சொல்லிட்டு இருந்தா. நான் சென்னையில உட்கார்ந்துகிட்டு, "பிளானை 300 எம்பிபிஎஸ்ஸா மாத்து", "ஒரு ரிப்பீட்டர் வாங்கிப் போடு"ன்னு சொன்னேன். ரெண்டையும் செஞ்சா. ரெண்டும் உதவல. ஒரு வீடியோ காலுக்குச் சில எம்பிபிஎஸ் போதும்ங்கிறதை நான் யோசிக்கவே இல்ல.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, அவ ரூம்ல நின்னு போன்ல ஒரு வைஃபை அனலைசர் ஆப்பைத் திறந்தேன். 17 நெட்வொர்க். பாதிக்கு மேல சேனல் 6. மீதி சில பேர் 3, 4, 8னு இஷ்டத்துக்கு.

இங்க கொஞ்சம் விஷயம் புரியணும். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 13 சேனல் இருக்கு. ஆனா ஒரு சேனலுக்கும் அடுத்த சேனலுக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு வைஃபை சிக்னலோட அகலமோ 20 மெகாஹெர்ட்ஸ். அதனால ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம இருக்கப் பொதுவா எடுத்துக்கிறது 1, 6, 11 இந்த மூணு.

1971-ல் ஹவாய் பல்கலைக்கழகத்துல நார்மன் அப்ராம்சன் குழு அலோஹாநெட்னு ஒண்ணு செஞ்சாங்க. தீவுகள்ல இருந்த டெர்மினல்களை ரேடியோ மூலமா கம்ப்யூட்டரோட இணைச்சாங்க. யாருக்கு அனுப்பணுமோ உடனே அனுப்பலாம். மோதிக்கிட்டா கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்ப அனுப்பணும். கணக்குப் போட்டா சேனலோட திறன்ல அதிகபட்சம் சுமார் 18 சதவீதம்தான் உருப்படியாப் பயன்படும். வைஃபை அதைவிட மரியாதை தெரிஞ்சது. வேற யாராவது பேசுறாங்களான்னு முதல்ல கேட்கும், அமைதியா இருந்தா மட்டும் பேசும். ஆனா 17 பேர் இருக்கிற இடத்துல அமைதி எப்போ வரும்? பிளான் 300ஆ இருந்தாலும் தன்னோட முறைக்குக் காத்துக்கிட்டுத்தான் இருக்கணும். தங்கச்சியோட வீடியோ நின்னது அந்தக் காத்திருப்புலதான்.

ரிப்பீட்டர் ஏன் உதவலைன்னும் இப்போ புரியும். நாங்க வாங்கினது, வாங்கின டேட்டாவை அதே சேனல்ல இன்னொரு தடவை சொல்ற வகை. ஏற்கெனவே கூட்டம், அதுல நாங்க எல்லாத்தையும் ரெண்டு தடவை பேசிட்டு இருந்தோம்.

அதனால முதல் வேலை, வயர்ல போகக்கூடியதை எல்லாம் வயருக்கு மாத்தினோம். ஹால்ல இருக்கிற டிவிக்கு ஒரு கேபிள். பின்னாடி ரூமுக்கு ஒரு கேபிள் இழுத்து, அங்க பழைய டூயல் பேண்ட் ரூட்டரை ஆக்சஸ் பாயிண்டா மாத்தி வெச்சோம். அப்பா பத்திரமா இருக்கட்டும்னு மெயின் ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னாடி வெச்சிருந்தார். அதை எடுத்து உயரமா, வெளியில மாட்டினோம்.

கேபிள் வாங்குறப்போ ஒண்ணு கவனிங்க. விலை கம்மியா கிடைக்கிறது பல நேரம் அலுமினியத்து மேல செம்பு பூசினது. முழுச் செம்பு கேட் 6 கேட்டு வாங்குங்க. கரண்ட் வயர் போற பைப்புக்குள்ளேயே இதையும் நுழைக்காதீங்க.

அடுத்து என் ரெண்டாவது தப்பு. நானே கிரிம்ப் பண்ணேன். டெஸ்ட் பண்ணா சரியா 100 எம்பிபிஎஸ்கிட்ட நிக்குது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டு வயர்ல நாலு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். நீல வயர் ஒண்ணு கனெக்டரோட முனை வரைக்கும் போய்ச் சேரல. வெட்டிட்டுத் திரும்பப் போட்டதும் சரியாச்சு. இன்ஜினியரிங் டிகிரி வாங்கினவன் நான். அப்பா பக்கத்துல நின்னு சிரிக்கிறார்.

வைஃபையிலயே இருக்க வேண்டிய லேப்டாப், போனை எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்தினோம். இந்தியாவுல 2018 அக்டோபர்ல இந்த அலைவரிசையில 605 மெகாஹெர்ட்ஸை லைசென்ஸ் இல்லாம பயன்படுத்த அனுமதிச்சாங்க. 2.4-ல மொத்தமே 83.5தான். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டத் திணறும். அதைக் குறையாச் சொல்வாங்க. ஒட்டு வீட்ல அதுதான் வசதி. நம்ம சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கம்மியாத்தான் போகும், அவங்க சத்தமும் இங்க கம்மியாத்தான் வரும். அதுக்குத்தான் ரூம்லயே ஒரு ஆக்சஸ் பாயிண்ட்.

கடைசி வேலைதான் கஷ்டமானது. அக்கம்பக்கத்துல பேசணும். எதிர் வீட்டு சித்தப்பாகிட்ட "உங்க ரூட்டர் செட்டிங்கை மாத்தலாமா?"ன்னு கேட்டேன். "எங்க நெட்டை எடுத்துக்கப் பார்க்கிறியாடா?"ன்னார். ஸ்பீட் டெஸ்ட் ஓட்டிக் காட்டி, அவரையே பாஸ்வேர்டு அடிக்கச் சொன்னேன். சரின்னு ஒத்துக்கிட்டார். அவருக்கு 1, எங்களுக்கு 6, பக்கத்து வீட்டு அக்காவுக்கு 11. மூணு பேருக்கும் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40-ல வெச்சா ஒருத்தரே கிட்டத்தட்ட ரெண்டு பேரோட இடத்தை எடுத்துப்பார். 3, 4ன்னு நடுவுல வைக்கிறது இன்னும் மோசம். ஒரே சேனல்ல இருந்தா ரூட்டர்கள் ஒண்ணை ஒண்ணு கேட்டு வழி விடும். பாதி மேல ஏறினா அது வெறும் இரைச்சல்தான்.

ரூட்டரோட பவரை ஏத்தலாமேன்னு அந்த அக்கா கேட்டாங்க. ரூட்டர் கத்தினா போனுக்குக் கேட்கும். போனோட சின்னக் குரல் ரூட்டருக்குத் திரும்பக் கேட்கணுமே? எல்லாரும் ஏத்தினா தெருவுக்கே இரைச்சல்.

எல்லாம் தீர்ந்துடல. மிச்ச வீடுகள்கிட்ட இன்னும் பேசல, ராத்திரி 9 மணிக்கு 2.4 இப்பவும் இழுக்குது. ஆனா பிளானைத் திரும்ப 100-க்கு இறக்கிட்டோம். போன மாசம் தங்கச்சி இன்னொரு இன்டர்வியூவுக்கு உட்கார்ந்தா. முக்கால் மணி நேரம், அவ ரூம்லயே, கதவைச் சாத்திக்கிட்டு. ரிசல்ட் இன்னும் வரல.

உங்க வீட்ல யாராவது "நெட் இழுக்குது"ன்னு சொன்னா, பிளானை மாத்தச் சொல்றதுக்கு முன்னாடி அவங்க உட்கார்ற இடத்துல போய் நின்னு ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பாருங்க. நான் அதை ஆறு மாசம் லேட்டாப் பண்ணேன்.