டீசல் காரின் எக்சாஸ்ட் வால்வும் உத்தரவாதத் தகராறும்

டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் எரிந்து முடிந்த வாயுவை உரிய நேரத்தில் வெளியே விட்டு, உடனே கசிவின்றி மூடிக்கொள்ளும் உறுப்புக்கு எக்சாஸ்ட் வால்வு என்று பெயர். நீண்ட தண்டும் அதன் முனையில் வட்டத் தலையும் கொண்ட இந்த உறுப்பு, எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முறை சுழலும்போது 1,000 முறை திறந்து மூடுகிறது; திறக்கும் ஒவ்வொரு முறையும் கொதிக்கும் வாயு அதன் தலையை உரசிச் செல்கிறது. இவ்வாறு ஏறும் வெப்பத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை, மூடியிருக்கும் பொழுதில், தான் பொருந்தி அமரும் வளையத்தின் வழியாகவே வால்வு இறக்கியாக வேண்டும். பட்டறைகளில் வால்வு சீட் எனப்படும் அந்த வளையத்துக்கும் வால்வின் விளிம்புக்கும் இடையே கரித்துகள் சிக்கி மயிரிழை இடைவெளி விழுந்தாலும், வெப்பம் இறங்க வழியில்லாமல் விளிம்பு கருகத் தொடங்கும். கருகிய இடத்தில் வாயு கசியும். கசியும் வாயு மேலும் கருக்கும். ஓட்டுநர் உணர்வதெல்லாம் எஞ்சின் நடுக்கமும், ஏற்றத்தில் இழுவைக் குறைவும், சில வேளைகளில் காலையில் எளிதில் உயிர்பெறாத எஞ்சினும்தான்.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கின் அன்றாடப் போக்குவரத்து, நவீன டீசல் எஞ்சினுக்கு ஒவ்வாத ஒன்று. கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியே தலைநகருக்கு வரும் வாகனம் பெரும்பாலான காலை வேளைகளில் ஊர்ந்தே வருகிறது. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையைச் சுற்றி மட்டுமே ஓடும் வாகனத்துக்கோ எஞ்சின் முழுச் சூடு ஏறுமுன்பே பயணம் முடிந்துவிடுகிறது. நச்சு வாயுவைக் குறைப்பதற்காக, எரிந்த வாயுவின் ஒரு பகுதியை மீண்டும் சிலிண்டருக்குள் அனுப்பும் ஏற்பாடும், கரித்துகளைப் பிடித்துவைத்து அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்கும் வடிகட்டியும் இத்தகைய எஞ்சின்களில் உண்டு. வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்வதற்குத் தேவையான வெப்பத்தை உண்டாக்கப் பல எஞ்சின்கள் கூடுதல் டீசலைத் தாமதமாகத் தெளிக்கின்றன. அந்தச் சுத்திகரிப்பு முடியுமுன் எஞ்சின் மீண்டும் மீண்டும் நிறுத்தப்பட்டால், எரியாத டீசல் சிலிண்டர்ச் சுவரில் வழிந்து எஞ்சின் எண்ணெயுடன் கலக்கிறது. எண்ணெய் அளவு குறைவதற்கு மாறாக, அளவுக்குச்சியின் மேல்கோட்டையும் தாண்டி உயர்ந்திருப்பதே இதன் அடையாளம். நீர்த்துப்போன எண்ணெயால் வால்வுத் தண்டையும் அதைத் தாங்கும் குழலையும் தேய்மானத்திலிருந்து காக்க இயலாது.

எரிபொருளின் தரம் குறித்த வாதம் மட்டும் இன்று பழைய வலுவை இழந்துவிட்டது. யூரோ 2எம் தரத்தில் 10 லட்சம் பங்குக்கு 500 பங்கு வரை அனுமதிக்கப்பட்ட கந்தகம், 2021 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த யூரோ 5 டீசலில் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. ஆகவே, அதன் பின்னர் நிலையங்களில் மட்டுமே டீசல் நிரப்பிய ஒருவரிடம் ‘மட்டமான டீசலே காரணம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது போதாது. தொட்டியிலிருந்து எடுத்த மாதிரியைச் சோதித்த அறிக்கையோடு சொல்லப்பட்டால்தான் அது வாதமாகும்.

பழுதின் வேர் வடிவமைப்பிலும் இருக்கக்கூடும். மாஸ்டா நிறுவனம் 2012-இல் சந்தைக்குக் கொண்டுவந்த 2.2 லிட்டர் ஸ்கைஆக்டிவ்-டி எஞ்சினின் அழுத்த விகிதம் 14-க்கு 1. டீசல் எஞ்சினுக்கு இது மிகவும் குறைவு. குளிர்ந்த நிலையில் எரிதல் தடுமாறாமல் இருக்க, காற்றை உள்ளிழுக்கும் வேளையிலும் எக்சாஸ்ட் வால்வைச் சற்றே திறந்து, சூடான வாயுவை மீண்டும் உள்ளே இழுக்கும் ஏற்பாடு அதில் செய்யப்பட்டது. திறமையான பொறியியல் இது என்பதில் ஐயமில்லை. ஆயினும், 2018 நவம்பரில் அந்நிறுவனம் டீசல் எஞ்சின்களின் வால்வு ஸ்பிரிங்கில் கண்ட குறைக்காக உலகெங்கும் ஏறத்தாழ 6,40,000 வாகனங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. வால்வுப் பகுதியில் பழுது நேர்ந்தவுடன் ஓட்டியவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் வழக்கம் எவ்வளவு தவறானது என்பதற்கு இந்த அறிவிப்பு ஒன்றே போதும்.

காரணத்தைக் கண்டறியும் சோதனை கடினமானதன்று. பழுதான சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, எல்லா வால்வுகளும் மூடிய நிலையில் உள்ளே அழுத்தக் காற்றைச் செலுத்தினால், காற்று எங்கே சீறுகிறது என்பதைக் காதே சொல்லிவிடும். புகைக்குழாயில் சீறினால் எக்சாஸ்ட் வால்வு. காற்று வடிகட்டிப் பக்கம் சீறினால் உள்ளிழுக்கும் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் வளையம். ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் ஹெட் கேஸ்கட். அதன் பிறகு எஞ்சின் ஹெட்டைக் கழற்றினால், வால்வே சாட்சி சொல்லும். விளிம்பில் ஓரிடம் மட்டும் ஆப்பு வடிவில் கருகியிருந்தால் நெடுநாள் கசிவு. தண்டு வளைந்து, பிஸ்டன் தலையில் பிறைத் தழும்பு இருந்தால் டைமிங் செயின் நழுவியதற்கோ வேகம் எல்லை மீறியதற்கோ அறிகுறி. தண்டு முறிந்திருந்தால், முறிவுப் பரப்பைப் பொறியாளர் ஒருவர் ஆராய்ந்து, உலோகம் நாளடைவில் சோர்ந்து உடைந்ததா, ஒரே அடியில் உடைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியும். தகராறுகளில் தோற்பவர்களுள் பலர் நியாயம் இல்லாததால் தோற்பதில்லை; கழற்றிய உறுப்பு பழைய இரும்போடு போய்விட்டதால் தோற்கிறார்கள். ஹெட்டைத் திறக்குமுன் எழுத்து மூலம் ஒப்புதல் கேட்கப்பட வேண்டும் என்றும், திறக்கும்போது படம் எடுக்கப்பட வேண்டும் என்றும், கழற்றிய வால்வுகள் சிலிண்டர் எண் குறித்துத் தம்மிடமே ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும் உரிமையாளர் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது, பின்னர் அமர்த்தும் எந்த ஆலோசகரையும்விட அதிகம் உதவும்.

உத்தரவாதக் கையேட்டில் 5 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர், இவற்றுள் எது முந்துகிறதோ அது என்பது போன்ற வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். சர்வீஸ் ஒன்று தவறியது, வெளிப் பட்டறையில் எண்ணெய் மாற்றப்பட்டது, எஞ்சின் கணினியின் நிரல் மாற்றப்பட்டது போன்ற காரணங்களைக் காட்டிக் கோரிக்கையை நிராகரிப்பதும் வழக்கம். இவற்றுள் நிரல் மாற்றம் மெய்யாகவே வால்வின் வெப்பத்தை உயர்த்தக்கூடியது. அதைச் செய்தவரின் கோரிக்கை வலுவிழப்பது நியாயமே. ஆனால் தவறிய சர்வீஸுக்கும் உடைந்த வால்வுக்கும் தொடர்பைக் காட்டாமல் நிராகரிப்பதை ஏற்க வேண்டியதில்லை. கையேடு, நிறுவனம் தானாக முன்வந்து அளிக்கும் வாக்குறுதி மட்டுமே; அதற்கு அப்பால், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தன் 32-ஆவது பிரிவில், விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருக்க வேண்டும் என்கிறது; பாதுகாப்பும் நீடித்துழைக்கும் தன்மையும் அத்தரத்தில் அடங்கும். வாகனங்களும் அச்சட்டத்தின்படி பொருள்களே. ஒப்பந்தத்தில் எதை எழுதியும் இந்த உரிமையைப் பறிக்க இயலாது. முறையற்ற பயன்பாட்டால் வந்த பழுதுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் அதே பிரிவு சொல்வதால்தான், காரணத்தை நிறுவும் சான்று இத்தனை முக்கியமாகிறது.

இந்தச் சட்டத்தின் ஆற்றலுக்குப் புஞ்சாக் நியாகா நிறுவனம் என்இசட் வீல்ஸ் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கு சான்று. மீண்டும் மீண்டும் எஞ்சின் உயிர்பெறாமல் நின்ற மெர்சிடிஸ் கார் பற்றிய அவ்வழக்கில், ஒரு நிறுவனத்தின் பெயரில் வாங்கப்பட்டாலும் சொந்தப் பயனுக்காக வாங்கிய வாகனம் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டதே என்றும், அந்தக் கார் ஏற்கத்தக்க தரத்தில் இல்லை என்றும் மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டது. ஆஸ்திரேலியாவிலோ, கடுமையான பழுதுகள் கண்ட ஏழு வாகனங்களின் உரிமையாளர்கள் ஒன்பது பேரிடம் அவர்களுடைய உரிமைகளைப் பற்றித் தவறாகச் சொன்னதற்காக, மாஸ்டாவின் அந்நாட்டு நிறுவனத்துக்கு 2024-இல் 1 கோடியே 15 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ‘மீண்டும் பழுதுபார்த்துத் தருகிறோம், அதைத் தவிர வேறு உரிமை இல்லை’ என்ற பதில் கோலாலம்பூரிலும் பழகிப்போன ஒன்று என்பதால், அத்தீர்ப்பு இங்கும் கவனத்துக்குரியது.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல், ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, மாறாக நிறுவப்படாத வரையில், தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்ளப்படுகிறது. இத்தகைய விதி மலேசியாவிலும் வேண்டும் என்ற கோரிக்கை முற்றிலும் நியாயமானது. சோதனைக் கருவியும் தொழிற்சாலைத் தரவும் விற்பவரிடம் இருக்க, மாதத் தவணையை விடாமல் கட்டிக்கொண்டு பேருந்தில் வேலைக்குச் செல்பவர்மீது மெய்ப்பிக்கும் சுமையை ஏற்றுவது சமநீதியாகாது.

அதுவரையில், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றமே எளிய வழி. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர்கள் வாதாடுவதற்கு அங்கே இடமில்லை. சரக்கு ஏற்றிச் செல்லும் தொழிலுக்கென வாங்கிய பிக்அப் வண்டிக்கு அந்த மன்றம் பொருந்தாது. கிள்ளான் துறைமுகப் பகுதியின் சிறு வணிகர்கள் 1957-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின்கீழ் வழக்கமான நீதிமன்றங்களையே நாட வேண்டும். மன்றத்துக்குச் செல்பவர்கள், கோரிக்கைக்கான காரணம் எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதையும், பட்டறைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருக்கும் மாதங்களும் அந்தக் கணக்கில் கரையக்கூடும் என்பதையும் கருத்தில் கொள்வது நல்லது. மன்றம் அளிக்கும் தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாமல் இருப்பது குற்றமாகும். அதற்கு அபராதமும் சிறைத் தண்டனையும் சட்டத்தில் உண்டு.