மாற்று ஆசிரியர் வரும் நாள்

மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய பணிகளுக்கு இப்பள்ளிகளின் ஆசிரியர்களையும் அனுப்ப இடம் தருகிறது. ஆகவே வகுப்பாசிரியர் இல்லாத நாள் எந்தப் பள்ளிக்கும் வரும். அன்று பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியாத ஒருவர் உள்ளே நுழைவார். குரலை உயர்த்தி அவர் வெற்றி பெற முடியாது. விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர வேண்டும். நோட்டுகளைப் புரட்டினாலே எதுவரை நடந்தது, எங்கே திணறுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். மும்பையின் மாட்டுங்கா லேபர் கேம்ப் பகுதிப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் மராத்தியும் கேட்டு வளர்கிறார்கள். கணக்கு வரவில்லையென்றால், தடை கணக்கிலா, கேள்வியின் மொழியிலா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் வருபவர் வகுப்பை அமைதியாக வைத்திருந்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். மகப்பேறு விடுப்பு என்றால் அந்த ஒரு நாள் மாதக்கணக்கில் நீளும். அதுவரை பாடம் நின்றால் இழப்பு பிள்ளைகளுக்குத்தான். புதியவருக்கு எல்லாம் எப்படித் தெரியும் என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் பள்ளிக்கும் இதில் பொறுப்பு உண்டு என்கிறேன். நடந்த பாடம், மதிய உணவு நேரம், கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளை யார் என்ற விவரங்களை ஒரே தாளில் எழுதி, வருகைப் பதிவேட்டோடு வைத்துவிடலாம்.