பகுத்தறிவின் முதற்பள்ளி அடுக்களையே

(சிவகிரியில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவு)



வீட்டிலுள்ள பண்டங்களை இனம் பிரித்து வைக்கச் சிறு குழந்தைகட்கு எவ்வாறு கற்பிப்பது என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள். அடுக்களைச் செய்தியைப் பேசுதற்குத் தமிழாசிரியன் ஒருவன் எதற்கு என்று உங்களுள் சிலர்க்குத் தோன்றலாம். கரணியம் உண்டு. பகுத்தறிவு என்னும் சொல்லை நாம் மேடைதோறும் முழங்கி வருகின்றோம். பகுத்து அறிவதே பகுத்தறிவு. கண்முன் கிடக்கும் பத்துப் பண்டங்களைப் பகுத்துப் பாராத பிள்ளை, வளர்ந்தபின் மெய்யையும் பொய்யையும் எங்ஙனம் பகுக்கும்? பிள்ளைகள் கூடிப் பயிலும் இடத்திற்கே வகுப்பு என்று பெயர். வகுத்தல் என்னும் வினையினின்று பிறந்த சொல் அது. அவ் வகுத்தலின் முதற்பாடம் தொடங்குமிடமோ வீட்டுச் சுளகும் ஐந்தறைப் பெட்டியுமே.

தமிழ்க் குழந்தை இப்பாடத்திற்கு வெறுங்கையோடு வருவதில்லை. 'மாமா வந்தார்', 'மாடு வந்தது' என்று பேசத் தொடங்கும்போதே, மாந்தரை ஒரு கூடையிலும் மற்றவற்றை வேறொரு கூடையிலும் அது இட்டுவிடுகின்றது. உயர்திணை, அஃறிணை என்னும் சொற்களை அது கேட்டதில்லை. ஆயினும் அவற்றின் எல்லை அதன் நாவுக்குத் தெரியும். உடன்பிறந்த ஆண்மகனைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்குவது ஒரே சொல். தமிழிலோ மூத்தவன் அண்ணன், இளையவன் தம்பி. தாயுடன் பிறந்தவன் மாமன். தந்தைக்கு இளையவன் சிற்றப்பன். ஆங்கிலம் இவ்விருவரையும் ஒரு சொல்லுள் அடக்கிவிடும். பால், அகவை, தாய்வழி தந்தைவழி என்னும் அளவைகளால் உறவினரைப் பிரித்துப் பெயரிடும் பயிற்சியைத் தமிழ் நம் பிள்ளைகட்கு மழலையிலேயே தந்துவிடுகின்றது.

தொல்காப்பிய மரபியலைப் பாருங்கள். உயிர்களையெல்லாம் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக ஆறு படிகளாக அடுக்குகின்றார் தொல்காப்பியர். தொட்டுணர்வு மட்டும் உடைய புல்லும் மரமும் முதற்படி. நாவுணர்வும் பெற்றது நந்து முதலியன. மூக்குணர்வும் பெற்றவை சிதலும் எறும்பும். கண்ணுணர்வும் பெற்றவை நண்டும் தும்பியும். செவியுணர்வும் பெற்றவை விலங்கு முதலியன. மனவுணர்வும் பெற்றோர் மக்கள். எறும்பின் புலன்களை இன்றைய அறிவியல் வேறுவகையாகக் கணக்கிடும். அது வேறு செய்தி. நாம் கற்கவேண்டுவது, எடுத்துக்கொண்ட அளவையை இடையில் மாற்றாமல் இறுதிவரை கொண்டுசெல்லும் ஒழுங்கையே.

அதே இயலில், புறத்தே வயிரமுடையது புல், அகத்தே வயிரமுடையது மரம் என்னும் பிரிவும் உண்டு. அதன்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினம். நம்மூரில் வெட்டிக் கிடக்கும் பனந்தடியையும் வேப்பந்தடியையும் பிள்ளைகட்கு அருகருகே காட்டுங்கள். பனந்தடியில் வெளிப்பகுதி கருத்து இறுகி, நடுவே மென்மையாக இருக்கும். வேப்பந்தடியில் நடுவே செந்நிற வயிரம் இருக்கும். வெளியே வெளிறு இருக்கும். இன்றைய நிலைத்திணையியலாரும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைப் பெரும்பிரிவிலேயே சேர்க்கின்றனர். உயரத்தைக் கண்டு மயங்காமல் உள்ளமைப்பைப் பார்த்து இனம் கண்டது பழந்தமிழர் கண். அந்தக் கண்ணை நம் பிள்ளைகட்குத் தருவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

இரண்டு இரண்டரை அகவைக் குழந்தைக்கு ஓர் அளவையே போதும். ஏனங்களைக் கழுவிக் கவிழ்த்தபின், கரண்டிகளை ஒரு கூடையிலும் குவளைகளை ஒரு கூடையிலும் போடச் சொல்லுங்கள். உலர்ந்த துணிகளை மடிக்கும்போது, அப்பாவின் துண்டு ஒருபுறம், தங்கையின் சட்டை ஒருபுறம் என வைக்கச் சொல்லுங்கள். இதற்கென விலைகொடுத்து விளையாட்டுப் பொருள் வாங்கவேண்டுவதில்லை. மாண்டிசோரி அம்மையார் 1939-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். நிறத்தாலும் பருமையாலும் தொடுவுணர்வாலும் குழந்தை தன் கையாலேயே பொருள்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்தவேண்டும் என்பது அவர் முறையின் உயிர்நாடி. அவர் மரக்கட்டைகளால் செய்ததைத் தமிழ்த்தாய் வெங்காயத்தாலும் கத்தரிக்காயாலும் செய்துவிடலாம்.

மூன்று நான்கு அகவையில், பிரிக்கச் சொல்வதோடு நில்லாமல், ஏன் அப்படிப் பிரித்தாய் என்று கேளுங்கள். முருங்கைக்காயையும் அகப்பையையும் ஒன்றாக வைத்த குழந்தை 'இரண்டும் நீளம்' என்று சொல்லுமாயின், அது செவ்வையான விடையே. 'காயோடு காய்தானே சேரவேண்டும்' என்று உடனே திருத்திவிடாதீர்கள். குழந்தை தனக்கென ஓர் அளவையைக் கண்டுகொண்டது. அதுவே நாம் வேண்டியது. பின்னர் அதே பண்டங்களைக் கலைத்துவிட்டு, 'இப்போது வேறு வகையாகப் பிரி' என்று சொல்லுங்கள். முதலில் நிறத்தால், அடுத்து உண்பன உண்ணாதன என்று, அதன்பின் மரத்தால் செய்தது, இரும்பால் செய்தது, மண்ணால் செய்தது, நெகிழியால் செய்தது என்று. ஒரே பொருள் ஒருமுறை ஒரு கூட்டத்திலும் மறுமுறை வேறு கூட்டத்திலும் சேர்வதைக் கண்ட பிள்ளை, பொருள் மாறவில்லை, நாம் நோக்கும் நோக்கே மாறியது என்பதை உணரும். பெரியவர்களுள்ளும் பலர்க்கு எட்டாத உண்மை அது.

சுளகை மறவாதீர்கள். புடைக்கும்போது உமியும் தூசும் பறப்பதையும், கொழிக்கும்போது குறுநொய் ஒருபுறம் ஒதுங்குவதையும் குழந்தை அருகில் அமர்ந்து பார்க்கட்டும். எடையாலும் பருமையாலும் பிரித்தல் என்னும் அறிவியலை நம் பாட்டிமார் கைவிரல் அசைவிலேயே வைத்திருந்தனர்.

ஏழகவை அளவில் ஒரு சிறு தேர்வு வைத்துப் பாருங்கள். ஏழு எலுமிச்சம்பழத்தையும் மூன்று வாழைப்பழத்தையும் முன்னே வைத்து, 'எலுமிச்சம்பழம் மிகுதியா, பழம் மிகுதியா?' என்று கேளுங்கள். ஐந்தகவைக் குழந்தை பெரும்பாலும் எலுமிச்சம்பழமே மிகுதி என்னும். ஏழையும் மூன்றையும் ஒப்பிடுமேயன்றி, ஏழு பத்துக்குள் அடங்கியது என்பது அதற்கு எளிதில் புலப்படாது. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாசே, மரமணிகளைக் கொண்டு இதனை ஆய்ந்து காட்டினார். ஏழெட்டு அகவையில்தான் இத்தெளிவு பெரும்பாலான பிள்ளைகட்கு வருகின்றது என்பது அவர் முடிவு. ஆகலின், விடை பிழைத்த குழந்தையைக் கடிந்துகொள்ளாதீர்கள். எல்லாப் பழத்தையும் தன் மடியில் இட்டுக்கொள்ளச் சொல்லி, மீண்டும் ஒருநாள் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மூன்றகவைக்குட்பட்ட குழந்தையின் கையில் புளியமுத்து, பட்டாணி போன்ற சிறுபொருள்களைத் தராதீர்கள். மூக்கிலோ காதிலோ இட்டுக்கொள்ளும், விழுங்கினால் மூச்சடைக்கும். குன்றிமணியையோ எந்த அகவையிலும் தரலாகாது. அழகிய அவ்விதையினுள் இருப்பது கொடிய நஞ்சு. ஆண்பிள்ளைக்கு அடுக்களையில் என்ன வேலை என்று மகனை வெளியே துரத்துவதும் வேண்டா. பகுத்தறிவுக்கு ஆண்பால் பெண்பால் இல்லை.

இனி, இவ்வளவு பேச்சுக்கும் அடிப்படையான ஒன்றைச் சொல்கின்றேன். கை பிரிப்பதை நாவும் பிரிக்கவேண்டும். நம் அண்மையூராகிய சங்கரன்கோவிலில் 1902-ஆம் ஆண்டு பிறந்த மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர், தமிழின் சொல்வளத்திற்குச் சான்றாக நிலைத்திணைச் சொற்களை வகைவகையாகத் திரட்டிக் காட்டினார். நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, தென்னைக்கும் பனைக்கும் ஓலை, வேம்புக்கு இலை. கத்தரிக்கு நாற்று, மாவுக்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை, பனைக்கு வடலி. மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, தென்னம்பிஞ்சு குரும்பை, வாழைப்பிஞ்சு கச்சல். இவற்றை அறிந்த பிள்ளை ஒருமுறை வயற்புறம் நடந்தால் ஒன்பது வேறுபாடு காணும். எல்லாவற்றுக்கும் 'லீப்' என்று ஒரே சொல்லைப் படஅட்டையில் கற்ற பிள்ளை, பச்சையாக ஏதோ இருப்பதை மட்டும் காணும். கரும்பும் தென்னையும் நெல்லும் சூழ வாழும் குழந்தை, தன் மண்ணில் விளையாத 'ஆப்பிளில்' தன் முதற்பாடத்தைத் தொடங்குவது எவ்வளவு இரங்கத்தக்கது! ஆங்கிலம் கற்பதை யான் பழிக்கவில்லை. கற்கட்டும், ஆனால் தன் வீட்டு முற்றத்துப் பண்டங்களுக்குத் தன் தாய் சொன்ன பெயரைக் கற்றபின் கற்கட்டும். நூலில் மட்டும் இருக்கும் சொல் நூலோடு கிடக்கும். குழந்தையின் வாயில் ஏறிய சொல்லே வாழும்.

பிரிக்கும் பழக்கம் வீட்டைக் கடந்து தெருவுக்கும் பயன்படும். 2016-ஆம் ஆண்டு நடுவணரசு வெளியிட்ட திடக்கழிவு ஒழுங்குமுறைகள், மட்கும் குப்பையையும் மட்காக் குப்பையையும் வீட்டிலேயே பிரித்துத் தருமாறு கூறின. சட்டம் சொல்லியும் நம்முள் பலர் செய்வதில்லை. ஐந்தகவைப் பிள்ளையிடம் அவ்வேலையை ஒப்படைத்துப் பாருங்கள். வாழைப்பழத்தோலை ஒரு கூடையிலும் நெகிழிப்பையை மறு கூடையிலும் இட்டுவிட்டு, மாற்றி இட்ட தந்தையையும் அது தட்டிக் கேட்கும்.

அந்தத் தட்டிக் கேட்கும் குணமே நமக்கு வேண்டும். பண்டங்களைப் பிரிக்கக் கற்கும் குழந்தையின் முன்னே, பிறப்பால் மாந்தரைப் பிரிக்கும் இழிசெயலையும் நாம் செய்துகாட்டிக்கொண்டிருக்கின்றோம். ஒருவர்க்கு உள்ளே இருக்கை, மற்றொருவர்க்கு வாயிற்படி. ஒருவர்க்கு ஒரு குவளை, மற்றொருவர்க்கு வேறு குவளை. 'எந்த அளவையால் பிரித்தாய்?' என்று நாடொறும் நம்மால் கேட்கப்பட்டுப் பழகிய குழந்தை, ஒருநாள் அதே வினாவை நம்மிடம் திருப்பிக் கேட்கும். நிறமா, வடிவா, அறிவா, பண்பா, எதனால் இக்குவளை வேறாயிற்று? நம்மிடம் விடை இராது. ஏனெனில் அளவையே இல்லாத பிரிவு அது. மக்கள் அனைவரையும் உயர்திணை என ஒரே திணையுள் வைத்தது தமிழ் இலக்கணம். அத்திணைக்குள் உயர்வு தாழ்வு புகுத்துவோர் அவ்விலக்கணத்தின் முதற்பாடத்தையே அறியாதோர்.

ஆகலின், தாய்மார்களே! இன்று வீடு சென்றதும் ஐந்தறைப் பெட்டியைத் திறந்து குழந்தையின் முன் வையுங்கள். கடுகு எது, சீரகம் எது, வெந்தயம் எது என்று பெயர் சொல்லி, மணம் காட்டி, நிறம் காட்டிக் கற்பியுங்கள். கால்மணி நேரம் போதும். ஒவ்வொன்றையும் உரிய அறையில் குழந்தையே இடட்டும். இட்டபின், ஏன் அங்கே இட்டாய் என்று கேட்க மறவாதீர்கள்.

வெல்க தமிழ்!