தனி யோகா சிகிச்சை: போகும் முன் சில வார்த்தைகள்
(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சார், வாரா வாரம் மதுரைக்கு யோகாவுக்குப் போறீங்களாமே, அங்க என்னதான் செய்வாங்க?" என்று காலை நடையில் பலர் கேட்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடச் செயலாளர் பணித்தார்.

முப்பது வருடத்துக்கு மேல் வங்கிக் கவுண்டரில் குனிந்து அமர்ந்து லெட்ஜர் எழுதியவன் நான். மிச்சம் கழுத்துவலியும் இடுப்புவலியும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் உண்டு.

மண்டபத்தில் ஐம்பது பேர் சேர்ந்து செய்யும் வகுப்பு வேறு, இது வேறு. மைசூர் அரண்மனையில் யோகா கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) பிற்காலத்தில் சென்னையில் குடியேறி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கற்றுக்கொடுத்தார். பொறியியல் படித்த அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கினார். ஆளுக்குத் தக்கபடி பயிற்சியை அமைக்க வேண்டும் என்பதே அவர்கள் வழி. என் ஆசிரியையும் அப்படித்தான் கற்றுத்தருகிறார்.

முதல் நாள் ஆசனம் எதுவும் இருக்காது என்றே நினைத்துப் போங்கள். எனக்கு ஒரு மணி நேரமும் கேள்விகள்தான். தூக்கம், சாப்பாடு, பழைய ஆபரேஷன், மாத்திரைகள், மனக்கவலை எல்லாம் கேட்டார்கள். புதுக் கணக்கு தொடங்க வருபவரிடம் நாங்கள்கூட அவ்வளவு கேட்டதில்லை. பிறகு கையைத் தூக்கச் சொல்லி, மூச்சு எப்படிப் போகிறது என்று பார்த்தார்கள். கடைசியில் கோட்டுச் சித்திரம் வரைந்த ஒரு தாள் தந்தார்கள். ஆறே அசைவுகள், அதில் பாதி நாற்காலியில் உட்கார்ந்தபடி. "இதற்கா இவ்வளவு பணம்?" என்று தோன்றியது உண்மை.

அந்தத் தாள்தான் சிகிச்சை. வாரம் ஒருமுறை அங்கே போவது அதைச் சரிபார்க்க மட்டுமே. வீட்டில் தினமும் இருபது நிமிடம் செய்யாவிட்டால் பஸ் காசும் வீண். ஞாயிறு ஒரே நாளில் இரண்டு மணி நேரம் செய்து ஈடுகட்டவும் முடியாது. நம் ஊர் வெயிலுக்கு விடியற்காலை ஐந்தரை மணிதான் எனக்குத் தோதாக இருக்கிறது. கழுத்து இலகுவாக இரண்டு மாதம் ஆயிற்று. இடுப்புவலி குறைந்திருக்கிறது, போய்விடவில்லை.

இனி நான் செய்த தவறு. உடம்பு லேசாகத் தெரிந்ததும், யாரிடமும் கேட்காமல் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டேன். வீட்டம்மாவுக்கும் தெரியாது. மூன்றாவது வாரம் தலை கனமாக இருப்பதாக ஆசிரியையிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை சாப்பிடுறீங்களா?" என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். அன்று பாடம் நடத்தவில்லை. "டாக்டரைப் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அளந்தபோது 180க்கு 110. டாக்டர் திட்டிய திட்டை இங்கே சொல்ல முடியாது.

அதனால் நீங்கள் போவதாக இருந்தால் மருந்துச்சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கண் அழுத்த நோய், உயர் ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காதீர்கள். தலைகீழாக நிற்பது போன்றவை உங்களுக்கு ஆகாது. கற்பிப்பவரின் படிப்பையும் கட்டணத்தையும் முதலிலேயே கேளுங்கள். பி.என்.ஒய்.எஸ். என்பது ஐந்தரை ஆண்டுப் பட்டம். சில வாரச் சான்றிதழ் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். "மருந்தை நிறுத்திவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். என்னைப் போல நீங்களாகவும் நிறுத்தாதீர்கள்.

என் தாளைப் பார்க்க வாருங்கள், காட்டுகிறேன். ஆனால் நகல் எடுக்க விடமாட்டேன். அது என் உடம்புக்கு எழுதியது.