பொஸ்டன் நகரத்துச் சியர்ஸ் மதுச்சாலை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழ்க்கரையிலே அமைந்த பொஸ்டன் மாநகரம் சரித்திரப் புகழ் வாய்ந்தது. 1773 ஆம் ஆண்டு மார்கழித் திங்களில், ஆங்கில அரசு விதித்த வரியை ஏற்க மறுத்து, கப்பலில் வந்த தேயிலைப் பெட்டிகளைக் கடலிலே கொட்டியவர்கள் அந்நகர மக்கள். அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்க நிகழ்ச்சிகள் பல அங்கும் அதன் அயலிலுமே நடைபெற்றன. அந்நகருக்குச் செல்லும் பயணிகள் அச்சின்னங்களைக் காண்பதற்கே செல்கின்றனர் என்று எண்ணுதல் இயல்பு. ஆயினும், பல ஆண்டுகளாகப் பயணிகள் திரண்டு சென்ற இடங்களுள் ஒன்று, பீக்கன் வீதியிலே 84 ஆம் இலக்கக் கட்டடத்தின் நிலக்கீழறையில் உள்ள ஒரு மதுச்சாலையாகும். அங்கே போர் எதுவும் நிகழவில்லை. சாசனம் எதுவும் கைச்சாத்திடப்படவில்லை. அங்கு நடந்தனவாக வருவோர் நினைவிலே கொண்டுள்ள நிகழ்ச்சிகளோ, உண்மையில் அங்கு நடக்கவே இல்லை.

அம்மதுச்சாலை 1969 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அதற்கு முதலில் இட்ட பெயர் புல் அன்ட் ஃபின்ச் என்பது. மசாச்சுசெற்ஸ் மாநில அரசு மாளிகையை வரைந்தமைத்த சிற்பியான சார்ள்ஸ் புல்ஃபின்ச் என்பாரின் பெயரை இரண்டாகப் பிரித்துச் செய்த சொல் விளையாட்டு அது. நகரப் பூங்காவுக்கு எதிரே, வீதி மட்டத்திலிருந்து சில படிகள் இறங்கிச் சென்றால் அதன் வாயிலை அடையலாம். அயலவர்களும் அலுவலகங்களிலிருந்து வீடு திரும்புவோரும் மாலை வேளைகளிற் கூடிப் பேசியிருக்கும் சாதாரண இடமாகவே அது விளங்கிற்று.

1980களின் தொடக்கத்தில் கிளென் சார்ள்ஸ், லெஸ் சார்ள்ஸ் என்னும் சகோதரர் இருவரும், ஜேம்ஸ் பரோஸ் என்னும் நெறியாளரும் புதியதொரு நகைச்சுவைத் தொடரைத் தொலைக்காட்சிக்கென ஆக்க எண்ணினர். ஒரே இடத்திலே பலவகை மாந்தரும் வந்து போகும் கதையாக அது அமைதல் வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அதற்கேற்ற இடத்தைத் தேடியபோது பீக்கன் வீதி மதுச்சாலை அவர்கள் உள்ளத்தைக் கவர்ந்தது. அதன் வெளித்தோற்றத்தைப் படம்பிடிக்க அனுமதி வேண்டியபோது, உரிமையாளர் ஒரு டொலர் மட்டுமே பெற்றுக்கொண்டார் என்பது அங்கு வழங்கும் கதை. அது மெய்யாயின், அந்த ஒரு டொலரைப் போலப் பயன் தந்த பேரம் வணிக உலகிலே அரிது என்றே சொல்லல் வேண்டும்.

சியர்ஸ் என்னும் அத்தொடர் 1982 ஆம் ஆண்டு செப்டெம்பர் 30 ஆந் திகதி தொடங்கி, 1993 ஆம் ஆண்டு மே 20 ஆந் திகதி முடிவுற்றது. முதலாண்டிலே அதனைப் பார்த்தோர் மிகச் சிலர். இறுதி அங்கத்தையோ சுமார் எட்டுக் கோடி மக்கள் பார்த்தனர் என்று மதிப்பிடப்பட்டது. மதுச்சாலையைப் பற்றிய பேச்சா என்று முகஞ்சுளிக்கும் நேயர்கள் ஒன்றைக் கருதுதல் வேண்டும். அக்கதையிலே மதுச்சாலையின் உரிமையாளனாக வரும் சாம் மலோன், குடியினாலே தன் விளையாட்டு வாழ்வைக் கெடுத்துக்கொண்டு, பின்னர் அப்பழக்கத்தை விட்டொழித்தவன். மதுவை விற்பவன் அதனைத் தீண்டுவதில்லை. கதையின் சாரமும் குடியில் இல்லை. வீட்டிலும் அலுவலகத்திலும் தமக்கென ஓர் இடத்தைக் காணாத மனிதர், நாடோறும் ஒரே ஆசனத்தில் வந்து அமர்ந்து, ஒரே பேச்சைப் பேசி, அதிலே ஆறுதல் பெறுவதே அதன் சாரம். நோம் என்னும் பருத்த கணக்காளன் உள்ளே நுழைந்தவுடன், அங்கிருப்போர் யாவரும் அவன் பெயரை ஒருமித்துக் கூவுவர். பதினொரு ஆண்டுகளாக அக்கூவலைக் கேட்டோர் அனைவரும், தம் பெயரை இவ்வாறு கூவுவார் யாரேனும் உளரோ என்று ஒருமுறையேனும் எண்ணியிருப்பர்.

இனி, பொஸ்டனுக்கு வரும் பயணியைப் பின்தொடர்ந்து செல்வோம். பீக்கன் வீதியிலே தொலைக்காட்சியிற் கண்ட அதே படிகள், அதே இரும்புக் கைப்பிடி, அதே பெயர்ப்பலகை. பயணி அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறான். உள்ளம் துள்ளுகிறது. படியிறங்கிக் கதவைத் திறக்கிறான். உள்ளேயோ அவன் அறிந்த இடம் இல்லை. தொலைக்காட்சியிலே விசாலமான மண்டபத்தின் நடுவில் நாற்புறமும் அமரத்தக்க பெரிய மரப்பீடம் இருந்தது. இங்கே அறை ஒடுங்கியது, முகடு தாழ்ந்தது, பீடமும் வேறு வடிவினது. காரணம் எளிது. கதை முழுவதும் இரண்டாயிரத்து ஐந்நூறு மைலுக்கு அப்பால், கலிபோர்னியாவிலுள்ள பரமவுண்ட் படப்பிடிப்பு நிலையத்தின் 25 ஆம் இலக்க அரங்கிலே பார்வையாளர் முன்னிலையில் நடிக்கப்பட்டது. அங்கே அமைத்த மதுச்சாலைக்கு மூன்று புறமே சுவர். நாலாவது புறத்திற் படக்கருவிகளும் பார்வையாளரும் இருந்தனர். நோம் ஓயாது அருந்திய பியர் கூட மதுச்சத்துக் குறைந்தது. நுரை நிலைத்து நிற்பதற்காக அதில் உப்பும் இட்டனராம். அதனைக் குடிப்பதிலும் நடிப்பதே இலகுவாக இருந்திருக்கும் போலும்.

எனவே பயணியின் ஏமாற்றம் இருமடங்காயிற்று. இடமும் ஒத்திருக்கவில்லை, அங்கே அமர்ந்திருப்போரும் கதையிற் போல ஒருவரையொருவர் அறிந்தவர் அல்லர். அவர்களும் இவனைப் போலவே தூர தேசங்களிலிருந்து வந்து, பழகிய முகம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தனர். முன்னர் அங்கே மாலைதோறும் வந்த அயலவர்க்கு அக்கூட்டத்திடையே ஆசனம் கிடைத்தல் எளிதன்று. எல்லோரும் எல்லோரையும் அறிந்திருந்த இடம் என்ற புகழே, ஒருவரையும் ஒருவர் அறியாத இடமாக அதனை மாற்றிவிட்டது. உரிமையாளரைக் குறை கூறுவதற்கில்லை. வாயிலில் வந்து நிற்போரைத் திருப்பி அனுப்பும் வணிகர் எங்கும் இலர். நினைவுப் பொருட்கள் விற்கும் கடை எழுந்தது. 2002 ஆம் ஆண்டில் மதுச்சாலையும் தன் பழைய பெயரைக் கைவிட்டுச் சியர்ஸ் என்னும் பெயரையே பூண்டது. சொந்தப் பெயர் உடைய ஒன்று தன் நிழலின் பெயரைச் சூடிக்கொண்டது.

அதற்கு ஓராண்டு முன்னரே, 2001 இல், அந்நகரின் ஃபனெயில் மண்டபச் சந்தைப் பகுதியிலே இரண்டாவது சியர்ஸ் மதுச்சாலை திறக்கப்பட்டது. இது தொலைக்காட்சியிற் கண்ட காட்சியமைப்பைப் பார்த்து அவ்வாறே கட்டப்பட்டது. முதலாவது இடம் வெளியே மெய், உள்ளே வேறு. இரண்டாவதோ உள்ளே ஒத்தது, வெளியே வேறு. இரண்டையும் பார்த்து முடித்த பயணியே கதையில் வந்த ஒரே மதுச்சாலையை முழுமையாகக் கண்டவனாவான். இரண்டாவது மதுச்சாலை 2020 ஆம் ஆண்டிலே, பெருந்தொற்றுக் காலத்தில் மூடப்பட்டது.

இவற்றிலும் விசித்திரமானது விமான நிலையங்களில் நிகழ்ந்தது. ஹோஸ்ட் இன்ரர்நஷனல் என்னும் நிறுவனம், பரமவுண்ட் நிறுவனத்திடம் உரிமம் பெற்று, அமெரிக்க விமான நிலையங்கள் சிலவற்றிலே சியர்ஸ் மதுச்சாலைகளை அமைத்தது. விமானத்துக்குக் காத்திருப்போரைக் கவர்வதற்காக, பீடத்தின் அருகே இரண்டு இயந்திரப் பொம்மைகளை அமர்த்தினர். ஒன்று பருத்த உடலினது. மற்றையது தபாற்காரன் உடை தரித்தது. அவற்றுக்கு பொப், ஹாங்க் என்று பெயரிட்டிருந்தனர். ஆயினும், தொடரைப் பார்த்த எவரும் அவற்றை நோம் என்றும், அவனுடைய தோழனாகிய தபாற்காரன் கிளிஃப் என்றுமே கொள்வர். பழகிய நண்பர் இருவர் பேசிக்கொண்டிருக்கும் இடத்திலே தாமும் போய் அமர்ந்தது போன்ற உணர்ச்சியை வழிப்போக்கர்க்கு ஊட்டுவதே நோக்கம். உயிருள்ள தோழர் இல்லாத இடத்தில் மின்சாரத் தோழர்!

நோமாக நடித்த ஜோர்ஜ் வென்ற், கிளிஃபாக நடித்த ஜோன் ராற்ஸன்பேகர் ஆகிய இருவரும் இதற்கு உடன்படவில்லை. தம் உருவத்தைத் தம் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தினர் என்று 1993 ஆம் ஆண்டிலே வழக்குத் தொடுத்தனர். எதிர்த்தரப்பின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. நோம் என்னும் பாத்திரம் பரமவுண்ட் நிறுவனத்துக்குச் சொந்தம். பதிப்புரிமை அதனிடமே உண்டு. அப்பாத்திரத்தைப் பொம்மையாகச் செய்ய அனுமதியளிக்கும் உரிமையும் அதற்கு உண்டு என்றனர். பாத்திரம் யாருடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் பாத்திரத்துக்கென்று தனி முகம் ஏது? நடிகன் இரவல் கொடுத்த முகமே அதன் முகம். அம்முகத்தோடு அவன் கடைத்தெருவுக்குச் செல்கிறான், பிள்ளைகளைக் கொஞ்சுகிறான், முதுமையும் எய்துகிறான்.

மாவட்ட நீதிமன்றத்திலே பொம்மைகளை நீதிபதி முன்னிலையிற் கொண்டுவந்து நிறுத்தினர். அவர் அவற்றையும் நடிகரையும் ஒப்புநோக்கி, ஒருவரிலும் ஒருவர் பருத்தவர் என்பது தவிர ஒற்றுமை எதுவுமில்லை என்று கண்டு, வழக்கைத் தள்ளினார். நடிகர் மேன்முறையீடு செய்தனர். 1997 ஆம் ஆண்டிலே ஒன்பதாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் வேறு தீர்ப்பு வழங்கிற்று. ஒற்றுமை உண்டா இல்லையா என்பதை யூரிமாரே தீர்மானித்தல் வேண்டும் என்றும், ஒருவர் ஒரு பாத்திரத்தை ஏற்று நடித்தமையாலேயே தம் உருவத்தின் மீதுள்ள உரிமையை இழந்துவிடுவதில்லை என்றும் அத்தீர்ப்புக் கூறிற்று. 1999 இல் அவ்வழக்கை நீதிபதிகள் மேலும் பலர் கூடி மறுபடி கேட்க மறுத்தபோது, அவர்களுள் ஒருவர் கடுமையான மாற்றுரை எழுதினார். நடிகரைப் போன்று இல்லாத நோமை எவ்வாறு செய்வது, செய்ய முடியாதெனின் பதிப்புரிமைக்கு என்ன பொருள் என்பது அவர் எழுப்பிய கேள்வியின் உட்கிடை. அக்கேள்வியும் கூரியதே. வழக்கு 2001 ஆம் ஆண்டிலே இணக்கத்தில் முடிந்தது. கணினியைக் கொண்டு ஒருவரின் குரலையும் முகத்தையும் நொடியில் ஆக்கும் இக்காலத்திலே, அந்த இரு பொம்மைகளின் வழக்குச் சட்ட வகுப்புகளிற் படிக்கப்படுவதில் வியப்பில்லை.

தொலைக்காட்சிக் கதைக்குள் நுழையும் ஆசையைத் தொழிலாக்கும் முறை இன்று மேலும் வளர்ந்துவிட்டது. 1994 முதல் 2004 வரை நடைபெற்ற ஃபிரெண்ட்ஸ் என்னும் தொடரின் அறைகளை அமைத்து, கட்டணம் செலுத்துவோரை உள்ளே விடும் காட்சியகம் ஒன்று 2021 ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலே திறக்கப்பட்டது. செம்மஞ்சள் நிற நீளிருக்கையில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். அது நேர்மையான வணிகம். மெய்யான இடம் என்று ஒருவரையும் ஏமாற்றுவதில்லை. பீக்கன் வீதியின் ஈர்ப்பு அதற்கு இல்லை என்பதும் உண்மை.

பொய்யாக அமைத்த அந்தக் கலிபோர்னிய அரங்கிலும் மெய்யான துயரம் ஒன்று குடிகொண்டிருந்தது. மதுச்சாலையின் முதிய பணியாளராக நடித்த நிக்கொலஸ் கொலசாண்டோ 1985 ஆம் ஆண்டிலே காலமானார். அவருடைய ஒப்பனையறையிலே தொங்கிய, ஜெரோனிமோ என்னும் அமெரிக்கப் பழங்குடித் தலைவரின் படத்தைத் தோழர்கள் எடுத்துவந்து அரங்கின் சுவரில் மாட்டினர். தொடர் முடியும்வரை அது அங்கேயே இருந்தது. இறுதி அங்கத்திலே, எல்லோரும் சென்றபின் தனித்து நிற்கும் சாம் மலோன், அப்படத்தின் அருகே சென்று அதனை நேராக்கி வைக்கிறான். பார்த்தோர் பலருக்கு அதன் காரணம் தெரியாது. உடன் நடித்தோருக்குத் தெரியும்.

அரங்கிலே நின்ற மரப்பீடம் பின்னர் பல கைகள் மாறி, 2023 ஆம் ஆண்டில் ஏலத்துக்கு வந்தது. 6,75,000 டொலருக்கு அது விலைபோயிற்று. நோமாக நடித்த ஜோர்ஜ் வென்ற் 2025 ஆம் ஆண்டு மே 20 ஆந் திகதி, தொடரின் இறுதி அங்கம் ஒளிபரப்பாகிச் சரியாக 32 ஆண்டுகள் நிறைந்த நாளிலே, தமது 76 ஆம் வயதிற் காலமானார். நோமுக்கென்றே இருந்த அந்த மூலை ஆசனத்தை நினைந்து வருவோர், பீக்கன் வீதியில் அந்தப் படிகளில் இன்னமும் இறங்குகின்றனர்.