நாடகக்காரருக்கு நாம் செய்யும் மரியாதை



மதுரைச் சுற்றுப்புறத்துக் கிராமங்களில் திருவிழா என்றால் இன்றும் பல பொட்டல்களில் ஸ்பெஷல் நாடகம் நடக்கிறது. இரவு பத்து மணிக்குமேல் ஆரம்பித்தால் விடிகிறவரை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. கிரேக்க தேசத்து எப்பிடாரசில் மலைச்சரிவில் 2,300 வருஷத்துக் கல் அரங்கம் நிற்கிறது. அதிலே இன்றும் நாடகம் போடுகிறார்கள். நமக்குக் கல் ஏது? மாலையில் போட்டுக் காலையில் பிரிக்கிற கொட்டகைதானே! ஆகவே, சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய நாடகங்களை இந்தப் பொட்டல்களிலே காப்பாற்றி வருவது அவற்றை நெஞ்சிலே சுமக்கிற நடிகர்கள்தான்.

அவர்களுக்கு நாம் கொடுத்திருக்கும் பட்டம் என்ன? 'கூத்தாடி'! மேடைக்கு வருகிற பெண்ணைப் பற்றியோ சொல்லவே வாய் கூசும்படி பேசுகிறோம். விடிய விடியக் கண்கொட்டாமல் பார்த்தவனும் அதையே பேசுகிறான்.

திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாசை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையராட்சியை எதிர்த்து மேடையிலே பாடிப் பலமுறை சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31-ல் சென்னையில், 'வள்ளி திருமணத்'தில் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் விட்டார். அப்பேர்ப்பட்டவர் மருத்துவர் (நாவிதர்) ஜாதியில் பிறந்தார் என்பதற்காக அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்தவர்கள் உண்டு. முருகன் வேஷம் போட்டால் கும்பிடு, வேஷம் கலைத்தால் ஜாதியா? இது என்ன நியாயம்?

இந்த வருஷமும் முன்பணம் கொடுத்து நாடகம் பேசப் போகிறீர்கள். விடிந்து அரிதாரம் கழுவியதும், அவர்களை எந்த வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துச் சோறு போடப் போகிறீர்கள்? அதையும் இப்போதே ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிடுங்கள்.