விடைத்தாளும் வீட்டு மொழியும்

(கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர் பேசியதிலிருந்து)



நம் பேரிகைப் பிள்ளை வீட்டில் உருது பேசுகிறது. கடைத்தெருவில் தெலுங்கும் கன்னடமும், பள்ளியில் தமிழ். கல்லூரிக்குப் போனதும் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொல்கிறோம்.

நானும் விடைத்தாள் திருத்தியவன்தான். வணிகவியல் தாளில் ஒரு மாணவி, தன் அத்தாவின் பழக்கடைக் கடனை வைத்தே லாப நட்டத்தை விளக்கியிருந்தாள். கணக்கு சரி, ஆங்கிலம்தான் தடுமாறியது. பத்துக்கு நான்கு போட்டேன். கைடை மனப்பாடம் செய்து எழுதியவனுக்கு எட்டு! அந்த நான்கு இன்றும் உறுத்துகிறது. மொழித்தாளில் பிழைக்கு மதிப்பெண் குறையத்தான் வேண்டும். வணிகவியல் தாளில் நான் எதை அளந்தேன்?

ஆங்கில வழியில் படித்தாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத அனுமதிக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் கல்லூரியில் அந்த வசதி உண்டா என்று முதல் பருவத்திலேயே விசாரியுங்கள். இங்கே உள்ளூர் மொழி என்றால் தமிழ். உருது வீட்டுப் பிள்ளைகள் தமிழ் எழுதிப் பழகுவதை விட்டுவிடக் கூடாது.

அகமதிப்பீட்டுக் கட்டுரை என்றால், கருத்துக்கு எத்தனை மதிப்பெண், மொழிக்கு எத்தனை என்று எழுதும் முன்பே ஆசிரியரிடம் பணிவாகக் கேட்கலாம். பல்கலைக்கழகத் தேர்வு என்றால், திருத்திய விடைத்தாளை மாணவர் தகவல் உரிமைச் சட்டப்படி பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

தாய்மார்களே, மகள் மார்க் குறைந்து அழுதால் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எது என்று முதலில் கேளுங்கள்.